சத்தம் போட்டால் சிவக்கும் சுவர்

1

ஃபின்லாந்துக்கு நாங்கள் குடிவந்து எட்டு வருடம் நிறைந்த அதே வாரத்தில், எங்கள் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. "மூன்றாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சண்டைச் சத்தம் கேட்கிறது. யாருக்காவது உதவி தேவை என்றால் தயங்காமல் கதவைத் தட்டுங்கள்." கீழே முதல் மாடிப் பெண்மணியின் பெயர். அதற்குப் பக்கத்தில் பேனாவால் வரைந்த ஒரு சின்னப் பூ.

மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் ஒரு முதியவர் தனியாக இருக்கிறார். அவர் வானொலிகூடக் கேட்பதில்லை. இன்னொன்று எங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் சண்டை எதுவும் நடப்பதில்லை. நான் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் என் அண்ணி சரோஜாவுக்குப் போன் செய்வேன். அவ்வளவுதான். அந்த வாரம் நாங்கள் பேசியது முருங்கைக்கீரையை ஆய்ந்து காயவைத்துப் பார்சலில் அனுப்ப முடியுமா என்பதைப் பற்றி.

தாளைப் படித்துவிட்டு என் கணவர் குமார் சிரித்தார். பதினொரு வயது மகள் மீரா சிரிக்கவில்லை. "நான் முன்னாடியே சொன்னேன் அம்மா, நீ போனில் கத்துகிறாய்" என்றாள். அதை ஃபின்னிஷ் மொழியில் சொன்னாள். நான் தமிழில் "நான் எங்க கத்துனேன்?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். நான் ஒரு பாஷையில் கேட்பேன், அவள் இன்னொன்றில் பதில் சொல்வாள்.

அடுத்த ஞாயிறு குரலைத் தாழ்த்திப் பேசினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணி நிறுத்திவிட்டாள்.

"இன்னா செல்வி, ஒடம்பு சரியில்லியா? குரலே வரல. உன் வூட்டுக்காரு எதனா சொன்னாரா?"

2

நான் இருக்கும் நகரத்தின் பெயர் தம்பரே. அண்ணியின் வாயில் அது எட்டு வருடமாகத் தாம்பரம்தான். "எங்க நாத்தனா தாம்பரத்துல கீறா" என்று அவள் சொல்ல, கேட்பவர்கள் "அப்ப பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல வந்துரலாமே, ஏன் வரவே மாட்டேங்குது அந்தப் பொண்ணு" என்று என்மேல் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் மணிமங்கலத்துக்குப் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போன் தொழிற்சாலைக்கு கம்பெனி பஸ் ஏறினேன். என் வேலை கேட்பது. லைனில் வரும் ஒவ்வொரு போனையும் ஒரு பெட்டிக்குள் வைப்பேன். அது ஒரு சத்தம் போடும். ஹெட்செட்டில் கேட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பேன். ஒலி அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. சிவப்பை எடுத்துத் தனி ட்ரேயில் போட வேண்டும். ஆறு வருடம் பச்சையும் சிவப்பும் பார்த்தேன். அதே கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியராக இருந்த குமாரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் மூன்று வயது மீராவோடு வந்துவிட்டேன்.

இங்கே வந்த முதல் மாதம் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு மனைக்கட்டை உயரம் வரும். எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருந்தது. அதனால் ஆஸ்பத்திரியில் "மாணிக்கம்" என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். அப்பா ஊசி என்றால் பின்கட்டு வழியாக ஓடுகிறவர். அவர் பெயரில் எட்டு வருடமாக நான் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

மொழி அதைவிடப் பெரிய கதை. ஃபின்னிஷில் நமக்கு இருப்பதுபோலவே குறில், நெடில் உண்டு. "தபான்" என்றால் சந்திக்கிறேன். "தபன்" என்றால் கொல்கிறேன். தமிழ்ப் பெண் இதில் தவறக் கூடாது. ஆனால் தவறினேன். நூலகத்தில் ஓவியமும் கணினியும் கற்றுத்தரும் பைவி என்ற பெண்மணிக்கு, "நாளை பத்து மணிக்கு உங்களைக் கொல்கிறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டேன். அவள் பதில் எழுதினாள்: "சரி. முதலில் காபி குடித்துவிடலாம்."

எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

3

மாடிப்படியில் தாள் ஒட்டப்பட்ட அந்த வருடம் பைவி நூலகத்தில் சனிக்கிழமைகளில் ஒரு இலவசப் பட்டறை நடத்தினாள். உணர்ச்சி, ஓசை, நம்மைச் சுற்றி தினமும் இருப்பவை, இவற்றை வைத்துக் கணினியில் ஒரு கலைப்பொருள் செய்ய வேண்டும். பார்க்கிறவர் சும்மா பார்த்துவிட்டுப் போகக் கூடாது, அவர் ஏதாவது செய்தால் அதுவும் பதில் செய்ய வேண்டும். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். கலைஞர்களுக்கு நடுவில் எனக்கென்ன இடம் என்று தயங்கினேன். "நீ ஆறு வருடம் காதால் வேலை பார்த்தவள். மற்றவர்கள் காபி இயந்திரத்தின் சத்தத்தைக் கொண்டுவருவார்கள். நீ என்ன கொண்டுவருவாய்?" என்று பைவி கேட்டாள்.

நான் மாடிப்படித் தாளைக் கொண்டுபோனேன்.

அதிலிருந்து செய்ததுதான் அந்தச் சுவர். அகலமான ஒரு வெள்ளைத் துணி, பின்னால் ஒரு புரொஜெக்டர், முன்னால் மூன்று மைக், ஒரு லேப்டாப். யாராவது பேசினால் துணியில் குளத்தில் கல் விழுந்ததுபோல வளையங்கள் பரவும். குரல் மெதுவாக, நிதானமாக இருந்தால் நீலம். துள்ளலாக இருந்தால் மஞ்சள். உரத்து, வேகமாக வந்தால் சிவப்பு, வளையத்தின் ஓரமும் ரம்பம்போலக் கூராகும். எந்த அளவுக்கு மேல் எந்த நிறம் என்ற கணக்கை, பைவி சொல்லித்தர, கணினியில் நானே எழுதினேன். நீலம் அமைதி, மஞ்சள் மகிழ்ச்சி, சிவப்பு கோபம்.

நூலகத்தின் நடைபாதையில் இரண்டு வாரம் அதைத் தொங்கவிட்டார்கள். ஜனங்கள் வந்து கிசுகிசுத்தார்கள். துணி முழுக்க நீலம். குளிர்கால ஏரியைப் பார்ப்பதுபோல இருந்தது. முதல் மாடிப் பெண்மணியும் வந்தாள். பூ வரைந்த அதே பெண்மணி. மைக் முன் நின்று "மன்னியுங்கள்" என்றாள். அதுவும் நீலமாக வந்தது. நாங்கள் இருவரும் அன்று நிறைய நேரம் பேசினோம்.

பைவி சொன்னாள்: "இதை உன் ஊருக்குக் கொண்டுபோ."

4

பள்ளி விடுமுறைக்கு நானும் மீராவும் கிளம்பினோம். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, வயர்களையும் மைக்குகளையும் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆர்கெஸ்ட்ராவா?"

"இல்ல சார். பேசினா கலர் மாறும். பேசுறவங்க மனசுல என்ன இருக்குன்னு காட்டும்."

அவர் என்னையும் மீராவையும் மாறி மாறிப் பார்த்தார். "விக்கறதுக்கா?"

"சும்மா பாக்கறதுக்கு."

"மனசுல இருக்கறதக் காட்டுதுன்னு வெளிய சொல்லாதீங்க. கூட்டம் சேந்துரும்" என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

அண்ணி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன். நாற்பது பெண்கள். எல்லோரும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். ஒரகடத்தில் கார் சீட் தைக்கிறவள், மறைமலை நகரில் வயரிங் கட்டுகிறவள், போன் லைனில் நிற்கிறவள் என்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு, திருவண்ணாமலைக்காரர்கள் உண்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஷிப்ட் முடிந்து ஒருத்தி வந்து படுக்கும்போதுதான் இன்னொருத்தி எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் ஒரே இடம் சாப்பாட்டு ஹால். அங்கே துணியைக் கட்ட அண்ணி சம்மதித்தாள்.

"எம் நாத்தனா வெளிநாட்லேந்து எடுத்தாந்துகிறா. யாரும் கை வெக்காதீங்க" என்று முதல் நாளே அறிவித்துவிட்டாள்.

"கை வெக்க வேணாம் அண்ணி, பேசினாலே போதும்."

"அப்ப பேசுங்க. ஆனா வாய் கொப்புளிச்சிட்டுப் பேசுங்க."

5

மறுநாள் மதியம் மூன்றரைக்கு முதல் ஷிப்ட் பஸ்கள் வந்தன. பெண்கள் ஐடி கார்டு கழுத்தில் ஆடப் படியேறினார்கள். அண்ணி கரண்டியோடு வாசலில் நின்று வழக்கம்போல் கூப்பிட்டாள்.

"வாங்கடி, சோறு ஆறிப்போவுது. ஏய் கவிதா, காலைலயும் துன்னாம ஓடிட்ட, வந்து மொதல்ல உக்காரு."

சுவர் பற்றிக்கொண்டது. ஓரத்திலிருந்து ஓரம்வரை சிவப்பு. வளையங்கள் ரம்பப் பல்லோடு ஒன்றை ஒன்று வெட்டின. பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி சாம்பார் கேட்டாள், சிவப்பு. ஒருத்தி இன்னொருத்தியின் புது ரிப்பனைப் பார்த்து "யாரு வாங்கிக் குடுத்தா?" என்று கத்தினாள், சிவப்பு. பத்துப் பேர் சேர்ந்து சிரித்தபோது துணி தீப்பிடித்ததுபோல ஆனது. நீலம் ஒரு புள்ளிகூட வரவில்லை.

"மருமவளே, அழகா கீது. செவப்புன்னா இன்னா அர்த்தம்?" என்று அண்ணி கேட்டாள்.

மீரா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழில் தெளிவாகச் சொன்னாள். "சிவப்பு என்றால் கோபம், அத்தை. நீலம் அமைதி. மஞ்சள் மகிழ்ச்சி."

ஹால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. யாரோ தட்டைக் கீழே வைத்தார்கள்.

"சாப்ட வாங்கன்னு கூப்ட்டது கோவமா?" அண்ணி என்னைப் பார்த்தாள்.

"அது மிஷின் அண்ணி. சத்தத்த மட்டும்தான்..."

"மிஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அண்ணி கரண்டியைச் சோற்றுக் குண்டானில் வைத்துவிட்டு மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நாப்பது பொண்ணுங்களுக்கு ஆறு வருசமா சோறு போடறேன் செல்வி. உங்க ஊர்க்காரங்க காதுல நாங்க எல்லாரும் சண்டக்காரிங்க. அத இங்க எடுத்தாந்து மாட்டிகிற. நல்லாருக்கு."

துணியில் இளநீல வளையம் ஒன்று எழுந்து, அழகாக, நிதானமாக, மூலைவரைக்கும் பரவியது. அமைதி என்று அதற்கு நான்தான் பெயர் வைத்திருந்தேன்.

6

இரண்டு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், துவைத்த துணியை மடித்து வைத்தாள், மீராவோடு பேசினாள். என்னிடம் மட்டும் "ம்", "கீது", "இல்ல". அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார். அவரால் செய்ய முடிந்த சமாதானம் அது.

நான் லேப்டாப்பைத் திறந்து நான் எழுதிய கணக்கைப் பார்த்தேன். ஒரு அளவு, அதற்கு மேல் போனால் சிவப்பு. இதை நான் கலை என்று நினைத்துச் செய்திருந்தேன். உண்மையில் லைனில் கற்றதையே செய்திருக்கிறேன். போனை வைத்த பெட்டிக்குள் மனிதக் குரலை வைத்து, மீறியதைத் தனி ட்ரேயில் போட்டிருக்கிறேன். அந்த அளவையாவது எங்கிருந்து எடுத்தேன்? தம்பரே நூலகத்திலும் மாடிப்படியிலும் இருந்து. முதல் மாடிப் பெண்மணிக்கு எங்கள் பேச்சு சண்டையாகக் கேட்டதில் தவறில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் காதையே வாங்கி மாட்டிக்கொண்டுவிட்டேன். அதுதான் உறுத்தியது.

மூன்றாம் நாள் காலை அண்ணி சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தேன்.

"தப்பு என்னுதுதான் அண்ணி. ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் பேசுவாங்கன்னு எனக்கே மறந்துபோச்சு."

அவள் நான்கு வெங்காயம் உரித்தாள். பிறகு சொன்னாள். "கோவம் எப்ப, பாசம் எப்பன்னு அந்த மிஷினுக்கு எப்பிடித் தெரியும்? எங்கள இல்ல கேக்கணும்?"

"கேட்டா சொல்லுவாங்களா?"

"கேட்டுத்தான் பாரேன். வாய் இல்லாதவளுங்களா அவளுங்க?" சொல்லிவிட்டு என் கையிலிருந்த வெங்காயத்தைப் பிடுங்கினாள். "அங்க எட்டு வருசமா சமைக்கறன்னு பேரு. தோலோட பாதி வெங்காயத்தச் சீவிட்ட."

குரல் பழையபடி ஓங்கியிருந்தது. நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

7

அன்றே எழுதியதை எல்லாம் அழித்தேன். புதிய ஏற்பாடு எளிமையானது. யார் வேண்டுமானாலும் ஒரு சத்தத்தைக் கொண்டுவரலாம். தங்கள் குரலோ, தங்களைச் சுற்றிக் கேட்பதோ, எதுவானாலும் சரி. அதைப் பதிவு செய்தபின் அவர்களே நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏன் அந்த நிறம் என்று ஒரு வரி சொல்வார்கள். பிறகு யாராவது துணியைத் தொட்டால், லேப்டாப்பின் கேமரா அதைக் கண்டுகொண்டு, தொட்ட இடத்தில் அந்தச் சத்தமும் நிறமும் அந்த வரியும் எழும்.

பதிவு செய்ய ஆள் வேண்டும். நான் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மீராவை அனுப்பினேன். அவள் தயங்கினாள். "என் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்கள்" என்று ஃபின்னிஷில் சொன்னாள். அது உண்மைதான். "மகிழ்ச்சி" என்று அவள் சொன்னதிலிருந்து ஹாஸ்டலில் அவளுக்குப் பெயரே மகிழ்ச்சி என்றாகிவிட்டது.

அவளைக் காப்பாற்றியவள் மமதா. ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருடமாகச் சீட் தைக்கும் லைனில் இருக்கும் பெண். மீரா மைக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் விழித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத் தமிழ் வராதா?"

"கொஞ்சம் வரும்."

"எனக்கும் வராது. வந்துகினு கீது" என்றாள் மமதா. "நீ என்னக் கேளு. நான் தப்பா சொல்லுவேன். நீயும் தப்பா கேளு. சரியா போயிடும்."

அதன்பிறகு இரண்டு பேரும் ஹாஸ்டலை விட்டுவைக்கவில்லை. மாடி, மொட்டைமாடி, பஸ் நிற்கும் இடம் என்று மைக்கோடு அலைந்தார்கள். ஒரு கேள்வியை இரண்டு பேரும் சேர்ந்து முக்கால் தமிழில் கேட்பார்கள். பதில் சொல்கிறவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். கம்பெனி கேட்டில் ஐடி கார்டு வைத்தால் வரும் "டிக்" சத்தத்தை ஒருத்தி கொடுத்தாள். நிறம் பச்சை. "உள்ள போற டிக் இல்ல, வெளிய வர்ற டிக்." கவிதா கொடுத்தது கண்ணாடி வளையல் சத்தம். லைனில் வளையல் போடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுவாள், அதனால் ஆரஞ்சு. கரண்ட் போய் ஃபேன் நிற்கும் சத்தத்துக்கு ஒருத்தி ரோஸ் கேட்டாள். "அப்பத்தான் எல்லாரும் எந்திரிச்சு மொட்டமாடிக்கு வருவோம்." தூத்துக்குடிப் பெண் அவள் அம்மா போனில் "என்னளா, சாப்ட்டியா?" என்று கேட்பதைக் கொடுத்தாள். நிறம் சொல்லத் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். மறுநாள் வந்து சொன்னது கறுப்பு. "தூங்கும்போது கண்ணுக்குள்ள இருக்குமே, அந்தக் கறுப்பு."

கடைசியாக அண்ணி வந்தாள். மைக்கில் வாயை வைத்து "வாங்கடி, சோறு ஆறிப்போவுது" என்று முழுக் குரலில் கூப்பிட்டாள். நிறங்களின் வரிசையில் விரலை ஓட்டி, நிறுத்தி, சிவப்பை அழுத்தினாள்.

"அண்ணி, சிவப்பா?"

"ஆமா. கல்யாணப் பொடவ செவப்பு. குங்குமம் செவப்பு. அதுக்கெல்லாம் கோவம்னா அர்த்தம்?"

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு பகலில், முதல்முறையாக மூன்று ஷிப்ட் பெண்களும் ஒரே நேரத்தில் அந்த ஹாலில் இருந்தார்கள். ஒருத்தியின் சத்தத்தை இன்னொருத்தி தொட்டுக் கேட்டாள். ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுக்கும் இரண்டு பேர் அன்றுதான் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். "தலகாணிக்கு அடியில ஹேர்பின் வெச்சது நீயா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவள் ஆமாம் என்று தலையாட்ட, இரண்டு பேரும் அப்புறம் அரைமணி நேரம் பிரியவில்லை. நான் மைக்கைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

துணி, புரொஜெக்டர், லேப்டாப் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அது சாப்பாட்டு ஹாலில்தான் இருக்கிறது. புதிதாகச் சேரும் பெண்கள் முதல் வாரத்தில் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும் என்று அண்ணி சட்டம் போட்டிருக்கிறாள்.

8

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் போன் எனக்குக் கிடைப்பதில்லை. மமதாவும் மீராவும் பேசிக்கொள்கிறார்கள். பேசுவது எந்தத் தமிழ் என்று எனக்குத் தெரியவில்லை. பாதி தமிழ் வகுப்பு, பாதி ஒரகடம் லைன்.

மூன்று வாரத்துக்கு முன்பு மமதாவை லைன் லீடர் ஆக்கினார்கள். காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் முப்பது பேர் முன்னால் நின்று தமிழில் பேச வேண்டும். பயந்துபோய் மீராவிடம் ஒத்திகை பார்த்தாள். நான் தோசைக்கல்லின் முன் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். தப்பு வந்தா மறைக்காத. என்கிட்ட சொல்லு."

"சொல்லுங்க" என்றாள் மீரா. "நிறைய பேர் இருந்தா 'ங்க' போடணும்."

"ங்க போட்டா பயம் போயிடுமா?"

"தெரியாது. போட்டுப் பாரு."

திருத்துவதற்காகத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

போன ஞாயிறு மமதா கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் ஹாஸ்டலின் இரைச்சல் முழுதும் எங்கள் சமையலறைக்குள் வந்தது.

"ங்க போட்டேன். எல்லாரும் கேட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் சிரிச்சா. அது பீகாரு, அதுக்கும் தமிழ் வராது." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பறம் ஒருத்தி கேட்டா, அக்கா நீங்க எந்த ஊருன்னு. நான் யோசிக்கவே இல்ல. ஸ்ரீபெரும்புதூருன்னு சொல்லிட்டேன். தப்பா?"

மீரா என்னைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"தப்பு இல்ல" என்றாள். "என்னைக் கேட்டா நானும் தம்பரேன்னுதான் சொல்லுவேன்."

நான் தோசைக்கரண்டியோடு அடுப்பின் முன் நின்றிருந்தேன். தோசையின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது.

"சரி வுடு. சாப்ட்டியா?" என்றாள் மமதா.

"இன்னும் இல்ல" என்றாள் என் மகள். "அம்மா தோசை சுட்டுகினு கீது."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.